பத்திரப் பதிவா, உரிமைப் பதிவா? நகர மனைக்கு எது தாங்கும்

சார்பதிவாளர் அலுவலகத்தில் கிரயப் பத்திரம் பதிவாகிவிட்டால், இடம் நம்முடையது என்று அரசே ஒப்புக்கொண்டதாகப் பலரும் நினைக்கிறார்கள். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தில் அப்படி ஒரு வாக்குறுதி கிடையாது. எழுதிக் கொடுப்பவர் அந்த ஆள்தானா, கையெழுத்தை ஒப்புக்கொள்கிறாரா, முத்திரைத் தீர்வை சரியாக இருக்கிறதா: பதிவாளர் முதன்மையாகப் பார்ப்பது இவைதான். விற்பவருக்கு அந்த இடத்தில் உரிமை உண்டா என்று தீர்ப்பது அவர் வேலை இல்லை.

தமிழ்நாடு இந்த ஓட்டையை அடைக்கப் பார்த்தது. விற்பவருக்கு இடம் வந்த மூலப் பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு என்று மாநிலப் பதிவு விதிகளில் 55ஏ விதி வந்தது. தாய்ச் சட்டம் தராத அதிகாரத்தை விதி தர முடியாது என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. பிறகு அதே நிபந்தனையைச் சட்டத் திருத்தமாகக் கொண்டுவரும் மசோதாவைப் பேரவை நிறைவேற்றியது. மூலப் பத்திரம் கையில் இருப்பது நல்ல அடையாளம்தான். ஆனால் அதுவே உரிமைக்கு முழுச் சான்றாகிவிடாது.

பட்டா இருக்கிறதே என்பார்கள். தீர்வை யாரிடம் வாங்குவது என்பதற்கான வருவாய்த்துறைப் பதிவு அது. பெயர் மாற்றம் உரிமையை உண்டாக்காது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது. ஆக, பத்திரம் ஓர் அலுவலகத்தில், பட்டா இன்னொன்றில், அளவு வரைபடம் வேறொன்றில். மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பது வாங்குபவரின் பாடு. முப்பது ஆண்டு வில்லங்கம், மூலப் பத்திரம், நகர நில அளவைப் பதிவேடு, வாரிசுச் சான்று என்று வக்கீல் கேட்கும் கட்டு அதனால்தான் அவ்வளவு தடிமன்.

இதற்குப் போட்டியாக வைக்கப்படுவது உரிமைப் பதிவு. தெற்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் 1858-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த முறை. பதிவேட்டில் யார் பெயரோ அவரே உரிமையாளர். அதற்கு முந்தைய பத்திரச் சங்கிலியைத் தோண்ட வேண்டாம். பதிவேடு தவறாகி ஒருவர் இழந்தால் அரசு ஈடு கட்டும்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரே ஏமாற்றை இரண்டிலும் ஓட்டிப் பார்த்தால் தெரியும். தகப்பனார் சுயமாகச் சம்பாதித்த மனை. உயில் எழுதவில்லை, மனைவி முன்பே காலமாகிவிட்டார். இரண்டு மகன்கள், ஒரு மகள். ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. மூத்தவர் தன்னை மட்டும் காட்டும் போலி வாரிசுச் சான்றைக் கொண்டு முழு மனையையும் விற்கிறார்.

பத்திரப் பதிவில் கிரயம் சிக்கலின்றிப் பதிவாகும். வில்லங்கச் சான்றில் தகப்பனார் வாங்கியதும் மகன் விற்றதும் தெரியும். தங்கை எங்கும் தெரியமாட்டார், ஏனென்றால் இறப்பும் வாரிசுரிமையும் அதில் ஏறுவதில்லை. (பதிவான உயில்கூட ஏறாது, அது மூன்றாம் புத்தகத்தில் கிடக்கும், வில்லங்கம் எடுப்பது முதல் புத்தகத்திலிருந்து.) தங்கை வழக்குப் போட்டால் வாங்கியவருக்கு நிற்பது மூத்தவரின் பங்கு மட்டும். கொடுத்த பணத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு விற்றவரைத் துரத்த வேண்டும்.

உரிமைப் பதிவில், மூத்தவர் பெயர் பதிவேட்டில் உறுதியான பிறகு நல்லெண்ணத்தோடு வாங்கியவர் அசையமாட்டார். தங்கைக்குக் கிடைப்பது ஈட்டுத் தொகை. இடம் போனது போனதுதான். நட்டம் மறையவில்லை, வாங்குபவர் தலையிலிருந்து வாரிசு தலைக்கு மாறியது. முதல் பதிவின்போது வரும் அறிவிப்பை வெளியூரில் வாழும் மகள் பார்த்தாரா என்பதில்தான் இந்த முறையின் நியாயம் தொங்குகிறது. நிதி ஆயோக் 2020-இல் வெளியிட்ட மாதிரிச் சட்டம் மூன்றாண்டுக்குப் பின் பதிவேடு இறுதியாகும் என்கிறது. எங்கள் பார்வையில் இது குறைவு. பாகப்பிரிவினைத் தகராறு பல குடும்பங்களில் அடுத்த தலைமுறையில்தான் வெடிக்கிறது.

சட்டத்தைவிடக் கடினமானது அளவு. 2,400 சதுர அடி மனை என்பது 222.97 சதுர மீட்டர், அதாவது 2.23 ஏர்ஸ் (ஓர் ஏர் நூறு சதுர மீட்டர்). பத்திரம் சதுர அடியில் பேசும், பழைய வருவாய்ப் பதிவு ஏர்ஸில். எழுதும்போது 2 ஏர்ஸ் என்று முழுமையாக்கிவிட்டால் 247 சதுர அடி காகிதத்திலேயே காணாமல் போகும். ஒரு படுக்கையறையைவிடப் பெரிது. பத்திரப் பதிவில் இந்த முரண் 'நான்கு எல்லைக்குட்பட்டது' என்ற வரியின் நிழலில் பல்லாண்டு தூங்கும். உரிமைப் பதிவில் தூங்க முடியாது. எந்த எண்ணுக்கு உத்தரவாதம் என்று அரசு முதல் நாளே சொல்லியாக வேண்டும். உட்பிரிவு செய்யாமல் கைமாறிய மனைகள் நிறைந்த நகரத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் அலுவலகத்தில் கிடைக்காது, களத்தில் அளவுச் சங்கிலி பிடித்து அளந்தால்தான் கிடைக்கும்.

இந்தியாவில் உரிமைப் பதிவு புதுப் பேச்சும் அல்ல. டி. சி. வாத்வா குழு 1989-இலேயே பரிந்துரைத்தது. 2008-இல் தொடங்கிய தேசிய நிலப் பதிவேடு நவீனமயமாக்கல் திட்டமும் இதையே இலக்காக வைத்தது. ராஜஸ்தான் 2016-இல் நகர நிலத்துக்கு விரும்பி விண்ணப்பிப்போருக்கு மட்டும் சான்று தரும் சட்டம் இயற்றியது. ஆந்திரம் எல்லோருக்குமாக இயற்றி 2023-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2024-இல் ஆட்சி மாறியதும் ரத்தானது. தகராறை முதலில் தீர்ப்பவர் உரிமையியல் நீதிபதியா, பதிவு அதிகாரியா என்பதில்தான் அங்கே வக்கீல்களும் மக்களும் கொதித்தார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது.

நடுவே ஒரு வழி உண்டு: உரிமைக் காப்பீடு. பணத்தைத் திருப்பும், பதிவேட்டைத் திருத்தாது. வீடு, மனை விற்கும் கட்டுநர்களை ஒழுங்குபடுத்தும் ரேரா சட்டத்தின் 16-ஆம் பிரிவு கட்டுநர் இதை எடுக்கச் சொல்கிறது. ஆனால் மாநில அரசு அறிவித்தால்தான் அது கட்டாயம். அதே சட்டத்தின் 18(2) இன்னும் பயனுள்ளது: உரிமைக் குறைபாட்டால் வந்த நட்டத்துக்குக் கட்டுநர் ஈடு தர வேண்டும், காலாவதி என்று தப்ப முடியாது. தனி மனை வாங்குபவருக்கு இரண்டும் பெரிதாக உதவாது.

ஆகவே ஊர் முழுக்க ஒரே முறை என்பதை நாங்கள் ஏற்கவில்லை. அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவில் வரைபடம் தெளிவு, கல் நட்டிருக்கும், பத்திரச் சங்கிலி குட்டை. உரிமைப் பதிவை அங்கே இன்றே தொடங்கலாம். கிராம நத்தமும் பழைய கடைத்தெருவும் வேறு. இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர், ஒற்றையடிச் சந்து, நான்கு தலைமுறை பிரிக்காத பாகம். அங்கே பத்திரப் பதிவே இருக்கட்டும். ஆனால் நிலுவை வழக்கும் இறப்பும் வாரிசுப் பெயர்களும் வில்லங்கத்திலேயே தெரியும்படி செய்யலாம். 2025 பிப்ரவரியில் 152 நகர உள்ளாட்சிகளில் தொடங்கிய, மத்திய அரசின் நகர நில அளவைத் திட்டமான நக்ஷா வானிலிருந்து கூரையைப் படம் எடுக்கும். சுவருக்கு இந்தப் பக்கம் யாருடையது, அந்தப் பக்கம் யாருடையது என்பதை இரண்டு வீட்டாரையும் நிறுத்திவைத்துக் கேட்டுத்தான் எழுத வேண்டும்.