மந்திரப் பொருள் செய்கிறவனுக்கு என்ன மிச்சம்?

போயா லீவுகளில் கல்லடியில் கூடி விளையாடும் எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த நண்பன் கேட்டான்: "மச்சான், என்ட விசார்டுக்கு மந்திரக்கோல் செய்யிற ஃபீட் எடுக்கட்டா?" நாங்கள் ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை வைத்து மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதை விளையாட்டு. விசார்டு என்றால் மந்திரவாதிப் பாத்திரம், ஃபீட் என்றால் பாத்திரத்துக்கு எடுக்கும் தனித்திறமை. அதன் 3.5 பதிப்பு விதிகளில் வருஷக்கணக்காக ஒரு கிளெரிக்கை, அதாவது பூசாரிப் பாத்திரத்தை, வைத்துப் பொருள் செய்து கொடுப்பவன் நான். ஒரு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை.

லாபம் இருக்கிறது, பொய் இல்லை. கடையில் 750 தங்கக் காசுக்குப் போகும், சிறு காயம் ஆற்றும் மந்திரக்கோலை 375 காசில் ஒரே நாளில் செய்துவிடலாம். 50 தடவை வேலை செய்யும். சண்டை முடிந்ததும் ஆளுக்கு இரண்டு தட்டு, அடுத்த அறைக்குப் போகலாம். அன்றைக்கு வைத்திருக்கும் மந்திரங்களில் கைவைக்கத் தேவையில்லை. இதைவிட மலிவாக உயிர் காக்கும் சாமான் அந்த விளையாட்டில் நான் பார்க்கவில்லை.

எரிச்சல் எல்லாம் எக்ஸ்பியில்தான், பாத்திரம் சண்டைகளில் சேர்த்து லெவல் ஏறும் அனுபவப் புள்ளியில். பொருளின் விலையில் 25இல் ஒரு பங்கு எக்ஸ்பி, செய்கிறவனிடமிருந்து போகும். மந்திரக்கோலுக்கு 30, சரி, போகட்டும். ஃபைட்டருக்கு, எங்கள் குழுவின் போர்வீரனுக்கு, பலம் +2 கூட்டும் கையுறை வேண்டுமாம், அதற்கு 160! காசு பொதுப் பையிலிருந்து, எக்ஸ்பி என் தாளிலிருந்து. அன்னதானத்தில் அடுப்படியில் நிற்பவனுக்குப் புகை, பரிமாறுகிறவனுக்குப் பெயர். ஃபைட்டர் அந்தக் கையுறையோடு ஓகர் என்ற அரக்கனை வெட்டிக் கைதட்டு வாங்கும்போது, நான் அழிறப்பரால் எக்ஸ்பி கட்டத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பேன். அந்த இடத்தில் தாள் மெலிந்து, பின்பக்க எழுத்தே தெரிகிறது.

விதியைக் குறை சொல்ல முடியாது. லெவல் இறங்கும் அளவுக்குச் செலவழிக்க அது விடாது. எக்ஸ்பியும் ஒவ்வொருவருடைய லெவலைப் பார்த்துத்தான் கிடைக்கும். பின்தங்கியவனுக்கு அதே சண்டையில் கூடுதலாக வரும், கொஞ்ச நாளில் எட்டிப் பிடிப்பான். ஆனால் எங்கள் டி.எம்.முக்கு, ஆட்டத்தை நடத்துகிறவருக்கு, அந்தக் கணக்குப் பார்க்கப் பஞ்சி. எல்லாருக்கும் சமமாகப் பிரித்துவிடுவார். பிறகு எங்கே எட்டிப் பிடிப்பது?

3.5 விதிகளை வைத்து 2009இல் வந்த பாத்ஃபைண்டர் என்ற விளையாட்டு இந்த எக்ஸ்பி செலவையே தூக்கிவிட்டது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 ஐந்தாம் பதிப்பிலும் எக்ஸ்பி செலவு இல்லை, ஆனால் 5,000 காசுப் பொருளை ஒருவர் தனியாகச் செய்தால், நாளுக்கு 25 காசு வீதம் 200 நாள். அதற்குள் டிராகன் ஊரையே எரித்துவிடும்.

எடுக்காதே மச்சான். மந்திரக்கோல் வேண்டுமென்றால் என்னிடம் வா. 375 காசு கொண்டுவா, அந்த 30 எக்ஸ்பிக்கு ஒரு பிளேன்ரீயும் றோல்ஸும். ஃபைட்டருக்குச் சொல்லாதே.