பத்து சனிக்கிழமை, ஆறு கம்பி: பாளையங்கோட்டையில் ஒரு கிட்டார் வகுப்பு

பதினான்கு வருடமாக எங்கள் சபைப் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். எனக்குத் தெரிந்த கார்டுகள் (சில ஸ்வரங்களை ஒன்றாக ஒலிக்க வைக்கும் விரல் பிடிப்புகள்) ஜி, சி, டி, இ மைனர், ஏ மைனர், அப்புறம் கஷ்டப்பட்டு எஃப். எந்த ஸ்ருதியில் பாடினாலும் கேப்போவை (எல்லாக் கம்பியையும் ஒரே இடத்தில் அழுத்திப் பிடிக்கும் கிளிப்பை) அங்கே இங்கே நகர்த்தி இந்த ஆறு கார்டுக்குள்ளேயே ஓட்டி வந்தேன். போன வருடம் ஈஸ்டர் ஒத்திகையில் கீபோர்டு வாசிக்கும் தம்பி, "அக்கா, இந்த இடத்துல கார்ட் வேண்டாம், மேல ஒரே ஒரு எஃப் ஷார்ப் மட்டும் குடுங்க" என்றான். என் கை அப்படியே நின்றுவிட்டது. பாட்டு என்னைத் தாண்டிப் போய்விட்டது. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். முதல் கம்பியில், அதாவது இருப்பதிலேயே மெல்லிய கம்பியில், இரண்டாவது ஃபிரெட் (கழுத்தில் குறுக்கே இருக்கும் உலோகக் கட்டை). டி கார்ட் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் என் நடுவிரல் போய் உட்காரும் இடம் அது. பதினான்கு வருடம் தொட்டுக்கொண்டே இருந்த இடத்தின் பெயர் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

முதலில் இணையத்தில் ஸ்டிக்கர் வாங்கினேன். ஃபிரெட்போர்டில் கம்பிக்கு அடியில் ஒட்டும் சின்னச் சின்னத் தாள்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்வரத்தின் பெயர், கலர் கலராக. விலை 200 ரூபாய்க்குள்தான். அதைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன்: வாங்காதீர்கள். ஒட்டியிருந்த மூன்று வாரமும் எந்த ஸ்வரத்தைக் கேட்டாலும் பளிச்சென்று காட்டினேன். உரித்த அன்றைக்கே எல்லாம் போய்விட்டது. கண் படித்ததே தவிர, கை படிக்கவில்லை. பசையைச் சுரண்டி எடுக்க ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது.

அதற்குப் பிறகுதான் இந்த வகுப்பைப் பற்றி ஒருவர் சொன்னார். முருகன்குறிச்சியிலிருந்து நடந்து போகும் தூரம். நடத்துபவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். இளவயதில் மெல்லிசைக் குழுக்களோடு ஊர் ஊராகப் போய்த் திருவிழாக் கச்சேரிகளில் லீட் கிட்டார் வாசித்தவர். எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறோம். வகுப்புக்கு விளம்பரம் கிடையாது, போர்டு கிடையாது. வீட்டு மாடியில் ஒரு அறை. பத்து சனிக்கிழமை, சாயங்காலம் 5 முதல் 6.30 வரை, மொத்தம் 4,000 ரூபாய். ஃபிரெட்போர்டு, அதாவது கழுத்தில் எந்த ஸ்வரம் எங்கே இருக்கிறது என்பது, மட்டும்தான் சொல்லிக்கொடுப்பார். பாட்டு, ஸ்ட்ரம்மிங் எதுவும் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவார்.

முதல் நாள் உள்ளே நுழைந்ததும் எல்லோருடைய கேப்போவையும் வாங்கி மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார். "பத்து வாரம் கழிச்சு வாங்கிக்கோ தாயி" என்றார். அடுத்த நாள் ஞாயிறு ஆராதனைக்கு என்ன செய்வது என்று எனக்குப் பகீர் என்றது. அன்று இரவே ஒரு தோழியிடம் கேப்போ இரவல் வாங்கினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அப்புறம் ஒவ்வொருவர் கிட்டாரையும் வாங்கிப் பார்த்தார். பன்னிரண்டாவது ஃபிரெட் கம்பியின் சரிபாதி. அங்கே விரலை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டினால் ஒரு மணிச் சத்தம் வரும். அழுத்தி மீட்டினாலும் அதே ஸ்ருதிதான் வர வேண்டும். என் கிட்டாரில் அழுத்தியபோது ஸ்ருதி கொஞ்சம் ஏறி வந்தது. கம்பி ஃபிரெட்டிலிருந்து ரொம்ப உயரத்தில் இருந்ததால், அழுத்தும்போதே இழுபட்டு ஏறுகிறது என்றார். புதுக் கம்பி போட்டு, பிரிட்ஜில் கம்பிகள் உட்காரும் வெள்ளைப் பட்டையைத் தேய்த்து உயரம் குறைத்துக்கொண்டு வரச் சொன்னார். எனக்கு 700 ரூபாய் செலவானது. கழுத்தின் மேல்பக்கம் போனாலே சரியாகக் கேட்கவில்லை என்று நான் இத்தனை வருடம் அந்தப் பக்கம் போகாமல் இருந்ததற்குப் பாதிக் காரணம் இதுதான். வேறு எங்கே கற்றுக்கொண்டாலும் சரி, இதை முதலில் பாருங்கள்.

இனி பாடத்துக்கு வருகிறேன். முதல் வாரம் முழுக்க ஆறாவது கம்பி (இருப்பதிலேயே தடியானது) மட்டும், ஒரே விரல் மட்டும். இ, எஃப், ஜி, ஏ, பி, சி, டி, இ. ஃபிரெட் கணக்கில் 0 (எங்கும் அழுத்தாத திறந்த கம்பி), 1, 3, 5, 7, 8, 10, 12. ஒவ்வொன்றையும் வாசிக்கும்போது பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மனசுக்குள் சொன்னால் ஏற்றுக்கொள்ள மாட்டார், நிறுத்திவிடுவார். இதற்கு அவர் கொடுத்த கணக்கு ஒன்று என் மனதில் அப்படியே தங்கிவிட்டது. "ஒரு தெருவுல ஏழு வீடு. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவுல ஒரு சந்து. ரெண்டே ரெண்டு இடத்துல மட்டும் சந்து இல்ல, சுவரை ஒட்டிக் கட்டிருக்கான். பி-யும் சி-யும் ஒட்டுவீடு. இ-யும் எஃப்-பும் ஒட்டுவீடு." அந்தச் சந்துகள்தான் ஷார்ப், ஃபிளாட் எல்லாம். இந்த ஒன்று பிடிபட்டதும் எந்தக் கம்பியில் எங்கே ஆரம்பித்தாலும் மேலே நடந்து போக முடிந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது, நான்காவது வாரம். கர்நாடக இசையின் ஆரம்பப் பயிற்சியான சரளி வரிசையை, மாயாமாளவகௌளை ராகத்தில், ஒரே கம்பியில் நீளவாக்கில் வாசிக்கச் சொன்னார். திறந்த கம்பி சட்ஜம்; அப்புறம் 1, 4, 5, 7, 8, 11, 12. மாஸ்டரின் அம்மா வீணை வாசித்தவராம். வீணையில் 24 மெட்டு (கிட்டாரின் ஃபிரெட் மாதிரி), வாசிப்புக்கு நான்கு கம்பி. விரல் மெட்டுகளின் மேல் நீளத்துக்கு ஓடிக்கொண்டே இருக்கும். கிட்டார்காரர்கள் நாம் முதல் மூன்று ஃபிரெட்டிலேயே குடியிருந்துகொண்டு குறுக்கே மட்டும் தாவுகிறோம், நீளத்தை விட்டுவிட்டோம் என்பது அவர் ஆதங்கம். சரளி வரிசை எனக்குப் பழக்கமில்லாத விஷயம். ஆனால் ஒன்றிலிருந்து நான்குக்குத் தாவும் அந்த இடைவெளியும், எட்டிலிருந்து பதினொன்றுக்குத் தாவும் இடைவெளியும் ஒரே அளவு என்று கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கும்போது காதுக்கும் கைக்கும் சேர்ந்தே தெரிகிறது. ஃபிரெட்டின் அகலம் மேலே போகப் போகக் குறைவதால் விரல்கள் அதற்கேற்ப நெருங்கிக்கொண்டே போக வேண்டும். அந்த அளவு எந்தப் படத்தைப் பார்த்தாலும் வராது. எண்பது தடவை போய் வந்தால்தான் வருகிறது. நான் எண்ணினேன், உண்மையாகவே எண்பது.

கூடப் படித்த கல்லூரிப் பையன்கள் இரண்டு பேருக்கு இந்த இரண்டு வாரமும் சலிப்பு தட்டிவிட்டது. ஒருவன் ஐந்தாவது வாரத்தோடு நின்றுவிட்டான். அவன் மேல் தப்பு சொல்ல மாட்டேன். சீக்கிரமாக ஒரு சோலோ வாசித்துப் பார்க்க வேண்டும் என்று வருகிறவர்களுக்கு இந்த நிதானம் ஒத்துவராது.

ஐந்தாவது வாரம் தேடல் விளையாட்டு. மெட்ரோனோமை (சீராகத் தட்டித் தாளம் காட்டும் கருவி) நிமிடத்துக்கு 40 தட்டில் வைத்துவிட்டு ஒரு பெயரைச் சொல்வார். ஒரு தட்டுக்கு ஒரு கம்பி வீதம் ஆறிலிருந்து ஒன்று வரை அந்த ஸ்வரத்தை வாசிக்க வேண்டும். சி என்றால் எட்டு, மூன்று, பத்து, ஐந்து, ஒன்று, எட்டு. ஒரு இடம் தப்பினாலும் மறுபடி ஆறாவது கம்பியிலிருந்து. திறந்த கம்பியில் தொடங்கிப் பதினொன்றாவது ஃபிரெட் வரை ஒரு கம்பிக்குப் பன்னிரண்டு இடம்; ஆறு கம்பிக்கு 72. பன்னிரண்டாவதில் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. கர்நாடக இசையின் தாய் ராகங்களான மேளகர்த்தா ராகங்களும் 72 என்பது தற்செயல்தான், ஆனாலும் அதைச் சொல்லும்போது மாஸ்டர் முகத்தில் ஒரு சந்தோஷம்.

72 இடத்தையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆறாவது, ஐந்தாவது கம்பியில் பெயர் தெரிந்தால் போதும். இரண்டு கம்பி தள்ளி, இரண்டு ஃபிரெட் மேலே போனால் அதே பெயர் ஒரு ஸ்தாயி மேலே கிடைக்கும். நான்காவது, மூன்றாவது கம்பியிலிருந்து போனால் இரண்டுக்குப் பதில் மூன்று ஃபிரெட். ஏன் இந்த வித்தியாசம்? ஸ்ருதி சேர்க்கும்போது எல்லாக் கம்பிக்கும் ஐந்தாவது ஃபிரெட்டில் அழுத்தி அடுத்த கம்பியைச் சேர்ப்போம், மூன்றாவது கம்பிக்கு மட்டும் நான்காவது ஃபிரெட் அல்லவா? அந்த ஒரு படிதான். பதினான்கு வருடம் அப்படித்தான் ஸ்ருதி சேர்த்திருக்கிறேன். அது ஃபிரெட்போர்டு முழுவதற்குமான சாவி என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஆறு முதல் எட்டாவது வாரம் வரை கார்ட் வடிவங்கள். சி, ஏ, ஜி, இ, டி என்ற ஐந்து திறந்த கார்ட் வடிவங்களையும் அந்த வரிசையிலேயே கழுத்தில் ஏற்றிக்கொண்டு போனால் ஒரே சி மேஜர் ஐந்து இடத்தில் கிடைக்கிறது. இதை இணையத்தில் எல்லோரும் சொல்கிறார்கள், புதிது இல்லை. மாஸ்டர் வித்தியாசப்படுவது இங்கே: ஆறு கம்பியையும் பிடிக்கச் சொல்லவில்லை. என் கை சின்னது, ஜி வடிவத்தை ‘பார்’ போட்டு (ஒரே விரலைக் கம்பிகளுக்குக் குறுக்கே படுக்க வைத்து) பிடிக்க என்னால் ஆகவே ஆகாது. "மேல மூணு கம்பி போதும் தாயி. மிச்சத்தைக் கீபோர்டுகாரன் பாத்துக்குவான்" என்றார். மூன்று, இரண்டு, ஒன்று என்ற கம்பி வரிசையில் சி மேஜர்: 0-1-0, அப்புறம் 5-5-3, அப்புறம் 9-8-8, அப்புறம் 12-13-12. நான்கிலும் அதே சி, இ, ஜி தான், யார் கீழே யார் மேலே என்பது மட்டும் மாறுகிறது. முதல் ஐந்து வாரம் பெயர் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்ததால் ஒவ்வொரு விரலுக்கும் கீழே என்ன ஸ்வரம் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. படத்தைப் பார்த்து மட்டும் இதைக் கற்றிருந்தால் இன்னும் நான்கு வடிவம் கூடியிருக்கும், அவ்வளவுதான்.

பலன் என்ன என்று கேட்டால் எட்டாவது வாரத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்வேன். பாட்டு இ ஃபிளாட். வழக்கமாக மூன்றாவது ஃபிரெட்டில் கேப்போ போட்டு சி வடிவங்களில் வாசிப்பேன். கீபோர்டும் நானும் அதே இடத்தில் மோதிக்கொண்டு, இரண்டுமே தெளிவாகக் கேட்காது. அன்று கேப்போ இல்லாமல் 8-8-6 பிடித்தேன். இரண்டாம் சரணத்தில் 12-11-11 போனேன். பெண்கள் குரலுக்குப் பக்கத்தில், கீபோர்டுக்கு மேலே, கிட்டாருக்கு என்று ஒரு இடம் இருந்தது. குனிந்து பார்க்கவில்லை. பாட்டு நடத்துபவரின் கையைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன். முடிந்ததும் கீபோர்டு தம்பி என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். எழுத்துக் குறிப்பு ஒரு தாள்கூடக் கிடையாது, ரெக்கார்ட் செய்யவும் விட மாட்டார். ஒரு வாரம் விட்டுப்போனால் கூடப் படிப்பவர்களிடம்தான் கேட்க வேண்டும். ஆறு பேர் என்று சொல்லிச் சேர்த்தது. எங்கள் பேட்சில் ஒன்பது பேர் இருந்தோம். தகரக் கூரை, ஒரே ஒரு ஃபேன், சித்திரை மாதம் அந்த அறையில் விரல் வியர்த்துக் கம்பியில் வழுக்குகிறது. மெட்ரோனோம் அவர் செல்போனில்தான், ஒன்பது கிட்டார் சத்தத்தில் பின்னால் உட்கார்ந்தவருக்குக் கேட்கவே இல்லை.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். என்னை உண்மையாகவே சிரமப்படுத்தியது வேறு. மாஸ்டர் எல்லாவற்றையும் ஷார்ப் பெயரில்தான் சொல்வார். டி ஷார்ப், ஏ ஷார்ப். எங்கள் பாமாலைப் புத்தகங்களில் இ ஃபிளாட், பி ஃபிளாட் என்றுதான் இருக்கும். இடம் ஒன்றுதான், ஆனால் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி மனதில் பதிந்தது ஒரு பெயர், கண்ணால் படிப்பது இன்னொரு பெயர். வாசிக்கும் வேகத்தில் இந்த மொழிபெயர்ப்புக்கு நேரம் இல்லை. ஒன்பதாவது வாரம் முழுக்க நானே வீட்டில் ஃபிளாட் பெயர்களை வைத்து ஆறு கம்பியையும் மறுபடி நடந்தேன். சபையில் வாசிப்பவர்கள் இரண்டாவது வாரத்திலிருந்தே இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்லிப் பழகுங்கள்.

குறைந்தது ஒரு வருடமாவது கார்ட் வாசித்தவர்கள் மட்டும் சேரலாம். எஃப் கார்டே இன்னும் வராதவர்களுக்கு இப்போது வேண்டாம். தினமும் இருபது நிமிடம் ஒதுக்க முடியாதவர்களுக்கும் இந்த 4,000 ரூபாய் வீண்தான், ஏனென்றால் வகுப்பில் நடப்பது கால்வாசி. நான் காலையில் குக்கர் வைத்துவிட்டு, மூன்று விசில் வரும்வரை ஒரு கம்பி என்று வைத்துக்கொண்டேன்.

எனக்கு நான்காவது கம்பி இன்னும் தகராறு செய்கிறது. ஆறாவது ஃபிரெட்டுக்கும் ஒன்பதாவதுக்கும் நடுவில் யோசித்துத்தான் சொல்கிறேன். ஆடி முடிந்ததும் இரண்டாம் கட்ட வகுப்பு தொடங்குகிறார், மைனர் கார்டுகளையும் செவன்த் கார்டுகளையும் இதே முறையில் எடுப்பதாகச் சொன்னார். பெயர் கொடுத்துவிட்டேன். ஃபிளாட் பெயர்களை முதல் வாரமே சொல்லிக்கொடுங்கள் மாஸ்டர் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி தாயி, அந்தப் பாட்டுப் புத்தகத்தை ஒரு தடவை கொண்டா, பாக்கேன்" என்றார்.