வெற்று விடையின் பொருளை எங்கே எழுதுவது? முகவருக்கான அச்சுறுத்தல் தேடற் கருவியை ஆவணப்படுத்தும் மூன்று வழிகள்

கிளிநொச்சியில் நாங்கள் நடத்தும் சிறிய கணினிப் பராமரிப்பு நிலையத்துக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் காசாளர்கள் சந்தேகமான இணைப்புகளை அனுப்பி விசாரிப்பார்கள். பெரும்போக அறுவடைக்குப் பின் பணப் புழக்கம் கூடும்போது இவ்விசாரிப்புகளும் கூடும். அவற்றை முதலில் பார்ப்பதற்குச் கருவிகளைத் தானே அழைத்துப் பயன்படுத்தும் செயற்கை நுண்ணறிவு முகவர் ஒன்றை அமைத்து, ஐபி முகவரி, டொமைன், கோப்பு ஹாஷ் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும், கைரேகை போன்ற எழுத்துக்கோவை) ஆகியவற்றை அச்சுறுத்தல் தரவுத்தளத்தில் தேடும் கருவியையும் அதனுடன் இணைத்தோம். முதல் வாரத்திலேயே, அன்று காலைதான் உருவாக்கப்பட்டிருந்த போலி வங்கி இணைப்பொன்றை அது "பாதுகாப்பானது" என்றது. கருவியில் பழுது இல்லை. பதிவு இல்லை என்ற விடைக்கு என்ன பொருள் என்பதை நாங்கள்தான் எங்கும் எழுதி வைக்கவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை எங்கே வைத்தால் முகவர் தவறாமல் பின்பற்றும் என்ற கேள்வியோடுதான் ஓப்பன்ஏபிஐ விவரக்குறிப்பு, உரைநடைக் கையேடு, எம்சிபி கருவி விளக்கம் ஆகிய மூன்று வழிகளையும் ஒப்பிட்டோம்.

ஓப்பன்ஏபிஐ விவரக்குறிப்பு என்பது, ஓர் ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் இடைமுகம்) எந்த உள்ளீட்டை ஏற்று எதைத் திருப்பும் என்பதை இயந்திரம் வாசிக்கும் வடிவில் எழுதுவது. அதன் பலம் கண்டிப்பு. எம்டி5 ஹாஷ் 32 எழுத்துகள், ஷா-1 40, ஷா-256 64 என்று வடிவத்தை வரையறுத்துவிட்டால், நீண்ட ஹாஷைப் படியெடுக்கையில் முகவர் ஓர் எழுத்தைத் தவறவிட்டாலும் அக்கோரிக்கை தேடலுக்கு முன்னரே நிராகரிக்கப்படும். இவ்வரையறை இல்லாதபோது குறைபட்ட ஹாஷ் தரவுத்தளத்துக்குச் சென்று, "இல்லை" என்ற விடையுடன் திரும்பி, தீய கோப்பு நல்ல கோப்பாகத் தோன்றிவிடும். ஆனால் இவ்விவரக்குறிப்பு வடிவத்தைச் சொல்லும் அளவுக்குப் பொருளைச் சொல்வதில்லை. கோப்புகளையும் இணைப்புகளையும் பல வைரஸ் தடுப்பு மென்பொருள்களால் பரிசோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தின் மூன்றாம் பதிப்பு ஏபிஐ, பதிவில்லாத ஹாஷுக்கு 404 (கிடைக்கவில்லை) என்று விடையளிக்கிறது; அதைக் கோளாறு என்று கொள்வதா, குற்றமின்மை என்று கொள்வதா என்பதை முகவர் ஊகிக்க வேண்டியதாகிறது.

விரிவான உரைநடைக் கையேடு இதற்கு நேர் எதிரானது. கம்பி இணைப்பு எட்டாத வன்னிக் கிராமங்களில் சிம் போட்ட றவுட்டரே பலருக்கு இணையம்; செல்லிட வலையமைப்பில் பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது ஐபி முகவரியைப் பகிர்வதால், அம்முகவரியில் ஒருவர் செய்த தீமை அதைப் பகிரும் அனைவரின் மீதும் விழக்கூடும். ஆகவே ஐபி பற்றிய பதிவை அது கடைசியாகக் காணப்பட்ட திகதியோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும். இத்தகைய விளக்கத்துக்குக் கையேட்டில் மட்டுமே இடமுண்டு. குறை என்னவென்றால், முகவர் அதைத் திறந்து வாசிக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. முழுவதையும் ஒவ்வொரு உரையாடலிலும் ஏற்றினால் செலவு ஏறும். தமிழில் எழுதினால், பெரும்பாலான மொழி மாதிரிகள் தமிழ்ச் சொற்களைக் கூடுதல் டோக்கன்களாக (செலவைக் கணிக்க எண்ணப்படும் சிறு துண்டுகளாக) உடைப்பதால், இன்னும் ஏறும்.

முகவர்களைக் கருவிகளோடு இணைப்பதற்கென 2024 நவம்பரில் அந்த்ரொபிக் நிறுவனம் வெளியிட்ட எம்சிபி நெறிமுறையின் கருவி விளக்கத்தையே நான் தேர்வேன். கருவியின் பெயர், சில வரி விளக்கம், உள்ளீட்டு வரையறை ஆகிய மூன்றும், கருவியை அழைப்பதா என்று முகவர் தீர்மானிக்கும் நேரத்திலேயே அதன் முன் இருக்கும். ஹாஷின் நீளத்தையும் அதே வரையறையில் வைக்கலாம். "பதிவு இல்லை எனில் எவரும் இன்னும் முறையிடவில்லை என்பதே பொருள், பயனரிடம் ‘பாதுகாப்பானது’ என்று சொல்லாதே, ‘பதிவில் இல்லை, திறக்க வேண்டாம், எமக்கு அழைக்கவும்’ என்று சொல்" என்பது இப்போது எமது விளக்கத்தின் முதல் வரி. வெற்று விடையோடும் இதே வரியைக் கருவி திருப்பி அனுப்புமாறு செய்த பின்னரே என் மனம் ஆறியது, ஏனெனில் நீண்ட உரையாடலில் தொடக்கத்தில் வாசித்தது பின்னுக்குப் போய்விடுகிறது.

விளக்கத்தில் எழுதியும் தீராதவை இரண்டுண்டு. தரவுத்தளக் குறிப்புகளில் தாக்குபவர் எழுதிய வரிகளும் கலந்திருக்கலாம். அவற்றைக் கட்டளையாகக் கொள்ளாதே என்று எழுதுவது அவசியமாயினும், முகவரின் அதிகாரத்தைக் குறைப்பதே உண்மையான தடுப்பு. மற்றது, ஹாஷைத் தேடுவதும் கோப்பைப் பதிவேற்றுவதும் ஒன்றல்ல. வைரஸ்டோட்டலில் பதிவேற்றிய கோப்பு பிற ஆய்வாளர்களின் கைக்கும் போகக்கூடும். அங்கத்தவர்களின் அடையாள அட்டை எண்களும் கடன் நிலுவைகளும் அடங்கிய பட்டியல் அவ்வாறு வெளியேறிவிடக் கூடாது. அதனால் பதிவேற்றும் செயலை முகவருக்குரிய கருவியிலிருந்து முற்றாக நீக்கி, மனிதர் கையில் விட்டுள்ளோம்.