கமலாபுரத்திலிருந்து விமானம்: யாருக்கு லாபம், யாருக்கு ரயிலே போதும்

தூரமும் பயண நேரமும் காட்டும் இணையக் கருவிகளில் வெறுமனே ‘சேலம்’ என்று அடித்தால் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துச் சேலமும் வந்து நிற்கும். அதன் விமான நிலையக் குறியீடு எஸ்.எல்.இ. கமலாபுரத்தில் இருக்கும் நம் சேலம் விமான நிலையத்துக்கு எஸ்.எக்ஸ்.வி. குறியீட்டைப் போட்டே தேடுங்கள்.

கமலாபுரத்திலிருந்து மீனம்பாக்கம் நேர்கோட்டில் சுமார் 265 கி.மீ. மணிக்கு 500 கி.மீ. என்று வைத்து வகுத்தால் 32 நிமிடம்தான் வரும். டிக்கெட்டிலோ ஒரு மணி நேரத்தை ஒட்டிப் போட்டிருக்கும். டிக்கெட்டையே நம்புங்கள். சேலத்தில் விமானம் நகரத் தொடங்குவது முதல் சென்னையில் வந்து நிற்பது வரையிலான நேரம் அது. ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. இவ்வளவு சின்னத் தூரத்தில் முழு வேகத்தில் பறப்பது கொஞ்ச நேரம்தான். சென்னையில் இறங்கக் கூட்டம் இருந்தால் வானத்திலேயே ஒரு சுற்று சுற்ற வைப்பார்கள்.

ஓடுபாதை 1,806 மீட்டர்தான். அதற்குத் தோதான விமானம், இறக்கையில் விசிறி சுழலும் சின்ன ரகமான ஏடிஆர் 72. 2023 அக்டோபர் கடைசியில் சேலத்துக்கு இண்டிகோ கொண்டுவந்ததும் இந்த 78 இருக்கை ரகம்தான். பக்கத்துக்கு இரண்டு சீட், நடு சீட் கிடையாது. பயணிகள் ஏறி இறங்கும் கதவு வால் பக்கம் இருப்பதால் கடைசி வரிசையில் இருப்பவர்கள் முதலில் இறங்கிவிடலாம். அடுத்த விமானத்தைப் பிடிக்க வேண்டியவர்கள் பின் சீட்டே கேளுங்கள். விசிறிச் சத்தமும் அங்கே குறைவு. இறக்கை கூரைமேல் இருப்பதால் ஜன்னல் வழியாகக் கீழே நன்றாகத் தெரியும். தலைக்கு மேலுள்ள தட்டு சின்னது. பெரிய விமானத்தில் கையோடு கொண்டுபோகும் ட்ராலிப் பெட்டி இதில் நுழையாமல் போகலாம். படிக்கட்டடியிலேயே வாங்கி அடியில் போட்டுவிடுவார்கள். மருந்து, லேப்டாப், நகையைத் தனிப் பையில் வையுங்கள்.

இனி முக்கியமான கணக்கு. டவுனிலிருந்து கமலாபுரம் சுமார் 20 கி.மீ., முக்கால் மணி. கவுண்டர் 60 நிமிடத்துக்கு முன்பே மூடிவிடும், ஆகவே ஒன்றேகால் மணி முன்னால் அங்கே நிற்க வேண்டும். பறக்க ஒரு மணி, பெட்டி வர இருபது நிமிடம், மெட்ரோவில் சென்ட்ரல் போக இன்னொரு முக்கால் மணி. மொத்தம் நாலு மணி தாண்டிவிடுகிறது. சேலம் ஜங்ஷனில் வந்தே பாரத் ஏறினால் நாலு மணி நேரத்துக்குள் சென்ட்ரல். டவுன்காரர்கள் வட சென்னைக்கோ பாரிமுனைக்கோ போவதானால் ரயிலே மேல். ஓமலூர், மேட்டூர் பக்கமிருந்து கிண்டி, தாம்பரம் போகிறவர்களுக்கு விமானம் நிச்சயம் லாபம்.

அதைவிடப் பெரிய லாபம் பெங்களூரு வழித்தடத்தில். நேர்கோட்டில் 160 கி.மீ.தான், இதற்குப் போய் விமானமா என்று தோன்றும். ஆனால் அந்த விமான நிலையம் ஊருக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது. ஓசூர் வழியாகக் காரில் போனால் நகரத்து நெரிசல் முழுவதையும் தாண்டியாக வேண்டும். அங்கிருந்து வெளிநாடு போகிறவர்கள் இரண்டு பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனியாக எடுத்து முதல் விமானம் தாமதமானால், அடுத்ததை விட்ட செலவு உங்கள் தலையில்தான். ஐதராபாத் 600 கி.மீ.; அதற்கு விமானம்தான், யோசிக்கவே வேண்டாம்.

ஏற்காட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் 20 கொண்டை ஊசி வளைவையும் கணக்கில் சேருங்கள். கமலாபுரம் சேர இரண்டு மணி நேரம் வையுங்கள், ஞாயிறு மாலை என்றால் இன்னும் அரை மணி கூடுதல். மழையில் மலைப்பாதை அடைபட்டால் குப்பனூர் வழி சுற்றித்தான் இறங்க வேண்டும். அட்டவணை மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் மாறும். அந்த வாரங்களில் டிக்கெட் போட்டிருந்தால் கிளம்புமுன் நேரத்தை மறுபடி பார்த்துவிடுங்கள்.