போர்மட்டா, மேம்படுத்தலா? விண்டோஸ் 10ஐ விட்டு நகர்பவர்களுக்கு

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு, அதாவது இலவசப் புதுப்பிப்புகள், 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. இனி என்ன செய்வது என்று கேட்டால், ஹட்டனிலும் பண்டாரவளையிலும் சட்டென்று கிடைக்கும் யோசனை "போர்மட் அடித்துப் புதிதாகப் போடுங்கள்" என்பதுதான்; அதாவது வட்டை அழித்துவிட்டு விண்டோஸை மறுபடி நிறுவுவது. நன்றாக ஓடும் கணினிக்கு அது தேவையில்லை என்பதே என் உறுதியான கருத்து.

விண்டோஸ் 10 ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த பதிப்பான விண்டோஸ் 11இன் அமைவுக் கோப்பை (setup) இயக்கினால், கோப்புகளையும் செயலிகளையும் அப்படியே வைத்துக்கொள்ளும் தெரிவு வரும். ஆவணங்கள், படங்கள், நிறுவிய மென்பொருள்கள், அமைப்புகள் எல்லாம் தங்கிவிடும். பிடிக்காவிட்டால் 10 நாட்களுக்குள் பழையதற்குத் திரும்பலாம். ஆனால் பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கினால் இந்தத் தெரிவு கிடைக்காது.

நமக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு: பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவும் தங்கிவிடும். பாடசாலை வினாத்தாள்கள், கோயில் அழைப்பிதழ்கள், சங்கக் கடிதங்கள் என்று எத்தனையோ பழைய கோப்புகள் அந்த எழுத்துருவில் கிடக்கின்றன. போர்மட் செய்த கணினியில் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். கோப்பு அழிந்துவிட்டதென்று ஆசிரியர் ஒருவர் தவணைப் பரீட்சைத் தாளைத் திரும்பத் தட்டச்சு செய்ய உட்கார்ந்துவிடக் கூடும். எழுத்துருவை மீண்டும் நிறுவினாலே போதும்.

வைரஸ் புகுந்த கணினிக்கும், 32 பிட் என்ற பழைய வகை விண்டோஸ் உள்ள கணினிக்கும் போர்மட்தான் வழி. அப்போது எழுத்துருக்களையும் உலாவியில் சேமித்த கடவுச்சொற்களையும் சேர்த்தே வெளியே நகலெடுங்கள். "டி டிரைவில் இருக்கிறது, பயமில்லை" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வட்டின் பிரிவுகளை அழித்தால் அதுவும் போய்விடும்.

கோப்புகளை மட்டும் வைத்துக்கொள்ளும் நடுவழி ஒன்றும் உண்டு. செயலிகளும் அமைப்புகளும் போய்விடுவதால் அதில் எனக்கு அவ்வளவு பிடிப்பில்லை.

எந்த வழியானாலும் முதலில் வெளி வட்டில் ஒரு நகல் வேண்டும். பதிவிறக்கம் சில ஜிபி வரும்; இரவு நேர டேட்டா இருந்தால் அதில் எடுங்கள். யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டொப்பில், இடியும் மின்னலுமான ஒக்டோபர் பிற்பகலில் வேலையைத் தொடங்கவே கூடாது. நடுவில் மின்சாரம் போனால் கணினி தொடங்காமலே போகலாம்.

டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாத கணினிகளையும், இன்டெல் எட்டாம் தலைமுறை புரொசஸருக்கு முந்திய பெரும்பாலான கணினிகளையும் விண்டோஸ் 11 ஏற்காது. தடையைத் தாண்டும் குறுக்குவழிகள் உண்டு. புதுப்பிப்புகளுக்கு உத்தரவாதம் இல்லாததால் பரிந்துரைக்க மாட்டேன். விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் அறிவித்த நீட்டிப்பில் பதிந்தால் 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வரும். பிள்ளைகளின் படிப்புக்கும் இணையத்துக்கும் மட்டும் என்றால் விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளமான லினக்ஸ் மிண்ட் நல்ல தெரிவு. நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம், பாமினியையும் அதில் சேர்க்கலாம். கடையின் கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடுமென்றால், நீட்டிப்பைப் பெற்றுக்கொண்டு அந்த அவகாசத்துக்குள் வேறு கணினிக்குப் பணம் சேர்ப்பதே நல்லது.