காலியாக இருக்கும் பரண்: ஏறுவதா, விலகுவதா?

அமெரிக்காவின் மிச்சிகனில் மான் வேட்டைக்குப் பொதுக் காட்டுக்குள் போகிறவர்கள், வேறொருவர் மரத்தில் கட்டிய பரண் காலியாக இருப்பதைப் பார்ப்பது சகஜம். ஏறி உட்காரலாமா, தள்ளிப் போகலாமா?

ஏறுவது எளிது. அங்கே பரணில் பெயரும் முகவரியும் எழுதியிருந்தாலும், அந்த இடம் அவருக்கே சொந்தம் என்றாகாது. ஆனால் இடம் பொது, பரண் அவர் காசு. அதைவிடப் பெரிய சிக்கல், பரணை மரத்தோடு இறுக்கிக் கட்டியிருக்கும் பட்டை வார். வெயிலிலும் பனியிலும் அது இற்றுப்போகும், அணில் கடிக்கும், மரம் பருத்தால் இறுகும். எத்தனை நாளாகத் தொங்குகிறதோ, யாருக்குத் தெரியும்? இருட்டில் ஏறி இருபது அடி உயரத்தில் அதைச் சோதிப்பது முட்டாள்தனம். விடியுமுன் உரியவர் டார்ச்சோடு வந்துவிட்டால் இருவருக்கும் அன்றைய வேட்டை போச்சு.

தள்ளிப் போனால் நடை கூடும், நல்ல தடம் கைவிட்டுப் போகலாம். என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் பத்தடி தள்ளி இன்னொரு பரண் கட்டுவது தள்ளிப்போவதாகாது! பார்வைக்கும் அம்பு, குண்டு பாயும் திசைக்கும் வெளியே, உங்கள் வாடை காற்றில் அவர் பக்கம் போகாத இடமாகப் பாருங்கள்.