தலைக்காயத்துக்குப் பிறகு: இரண்டு நீண்ட ஆய்வுகள்

மூளைக் காயத்திலிருந்து ஒருவர் எவ்வளவு தேறுவார் என்று தேடினால் இரண்டு அமெரிக்க ஆய்வுகள் கண்ணில் படும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

டிபிஐ (TBI, அதாவது அடிபட்டதால் வரும் மூளைக் காயம்) மாடல் சிஸ்டம்ஸ் 1987-இல் தொடங்கியது. மருத்துவமனையில் தங்கி மறுவாழ்வுச் சிகிச்சை பெற்றவர்களை 1, 2, 5 ஆண்டுகளிலும், அப்புறம் 5 ஆண்டுக்கு ஒருமுறையும் தொடர்புகொண்டு, வேலைக்குப் போகிறாரா, மனச்சோர்வு உண்டா, வீட்டுக் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்கிறாரா என்று கேட்கிறார்கள். வருடங்கள் கழித்தும் சிலர் முன்னேறுகிறார்கள், தேறிய சிலர் பின்னுக்குப் போகிறார்கள் என்பது இப்படித்தான் தெரியவந்தது. ஆனால் லேசான காயத்தோடு நேராக வீடு திரும்பியவர்கள் இதில் கிடையாது, அது பெரிய ஓட்டை.

டிராக்-டிபிஐ 2014-இல் ஆள் சேர்க்க ஆரம்பித்தது. அடிபட்ட 24 மணி நேரத்துக்குள் அவசரப் பிரிவுக்கு வந்த, லேசானது முதல் கடுமையானது வரை எல்லாக் காயக்காரர்களும் உண்டு. ரத்தப் பரிசோதனை, எம்ஆர்ஐ எல்லாம் எடுத்தார்கள். 2021-இல் வந்த அதன் முடிவு ஒன்று: இரண்டு வாரத்தில் கண் திறந்தும் உணர்வில்லாமல் கிடந்து, உயிர்பிழைத்தவர்களில் 78 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்துக்குள் உணர்வு திரும்பியது. சிறிய குழுதான், சரி, ஆனாலும் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்பவர்கள் முதலில் படிக்க வேண்டியது இதைத்தான். வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டீர்கள் என்றால் மாடல் சிஸ்டம்ஸ் பக்கம் போங்கள்.